உரையாசிரியரும் உடைமையாளரும்

எந்தத் துறையிலும் கற்போர் சுருக்கங்களையும் கைந்நூல்களையும் விட்டு மூலத்தின் முன் நேராக நிற்க வேண்டிய காலம் ஒன்று வருகின்றது. இலக்கணம் கற்பவன் சூத்திரத்தை மனனஞ் செய்வதோடு நின்றுவிடின் அவன் என்றும் மாணாக்கனே. அச்சூத்திரம் ஏன் அவ்வாறு அமைந்தது, உரைகாரர் எவ்விடத்தில் முரண்பட்டனர், எவர் கூற்று ஏற்புடைத்து என வினவத் தொடங்கும்போதே அவன் அறிஞனாகும் வழியில் அடியெடுத்து வைக்கின்றான். கணனி விஞ்ஞானத்திற்கும் இது முற்றிலும் பொருந்தும். பல்கலைக்கழகத்தின் முதலிரண்டு ஆண்டுகளில் மாணவன் சிறு சிறு செய்நிரல்களை எழுதப் பழகுகின்றான். பணிசெயல் முறைமை, தொகுப்பான், தரவுத்தளம், வலையமைப்பு என்னும் மேல்நிலைப் பாடங்கள் மூன்றாம், நான்காம் ஆண்டுகளிலேயே அவன் முன் வைக்கப்படுகின்றன.

இப்பாடங்களில் மாணவன் உண்மையிற் கற்பது யாது? உத்தியோகத்திற்கு வேண்டிய திறன் என்பதே வழக்கமான விடை. கம்பனிகள் இவ்விடையையே விரும்புகின்றன. பல்கலைக்கழக நிர்வாகங்களும் இதனைத் தம் விளம்பரங்களிற் பொறிக்கின்றன. இவ்விடை முழுப் பொய்யன்று. பட்டதாரிக்குச் சோறு வேண்டும். ஆயின் இவ்விடை மாணவனைக் கருவியைக் கையாள்பவனாக மட்டுமே காண்கின்றது. கருவியை ஆக்கவும் மாற்றவும் வல்லவனாகக் காணவில்லை. இவ்விரண்டிற்குமிடையே உள்ள வேறுபாடு, ஒரு சமுதாயம் தன் விஞ்ஞானத்தை ஆள்வதற்கும் பிறர் விஞ்ஞானத்தால் ஆளப்படுவதற்கும் இடையே உள்ள வேறுபாடாகும்.

இதனைப் பொதுப்படப் பேசுவதில் அதிக பயனில்லை. ஒரு நூலையும், அது எந்தப் பாடத்திற்காக எழுதப்பட்டதோ அப்பாடத்தையும், இரண்டிற்கும் நேர்ந்த கதியையும் எடுத்துக்கொண்டு நோக்குவோம். அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியராயிருந்த ஜோன் லயன்ஸ், யுனிக்ஸ் பணிசெயல் முறைமையின் ஆறாம் பதிப்பிற்கு எழுதிய உரையே அந்நூல்.

முதலில், பணிசெயல் முறைமை என்பது யாது? கணனியின் வன்பொருளுக்கும் அதன்மேல் இயங்கும் செய்நிரல்களுக்கும் இடையே நின்று, எவருக்கு, எப்போது, எவ்வளவு எனப் பங்கிட்டு வழங்கும் அடிப்படைத் தொகுதியே அது. செயலி ஒன்று, அதனை நாடி நிற்கும் செயன்முறைகளோ பல. ஒவ்வொன்றுக்கும் நொடியின் ஒரு சிறு கூற்றை வழங்கி மாற்றி மாற்றி இயக்குவதனால், யந்திரம் முழுவதும் தனக்கே உரியது என்று ஒவ்வொரு செயன்முறையும் மயங்குகின்றது. நினைவகத்தின் கதையும் இதுவே. இன்றைய கணனியில் ஒரு செய்நிரல் தன்னுடையதெனக் கொள்ளும் முகவரி உண்மை முகவரியன்று. பக்க அட்டவணை ஒன்று இடையில் நின்று அதனை மாற்றிக் கொடுக்கின்றது. முதலாண்டு மாணவன் இம்மயக்கத்தினுள்ளே வாழ்கின்றான், அதிற் குற்றமில்லை. மேல்நிலைப் பாடமோ இம்மயக்கம் எங்ஙனம் ஆக்கப்படுகின்றது என்பதைக் காட்டுகின்றது. இயற்கையென எண்ணியிருந்த ஒன்றை மனிதர் செய்த ஏற்பாடு என அறிவதும், ஏற்பாடாயின் அதனை வேறுவிதமாகவும் செய்யலாம் என உணர்வதும் சிறு பயன்களல்ல.

யுனிக்ஸ், அமெரிக்கத் தொலைபேசிப் பெருநிறுவனமான ஏ.ரி. அன்ட் ரி.யின் பெல் ஆய்வுகூடத்தில், 1969ஆம் ஆண்டு முதல் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கியது. 1974இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை பல்கலைக்கழகங்களின் கவனத்தை ஈர்த்தது. 1975இல் வந்த ஆறாம் பதிப்பின் கருப்பகுதி ஏறத்தாழ 9,000 வரிகளே. இவ்வளவு சிறியதொரு தொகுதி உண்மையான கணனியில் உண்மையான பயனாளருக்குப் பணியாற்றியது என்பதைக் கண்ட லயன்ஸ், 1976ஆம் ஆண்டில் தம் மாணவருக்காக அம்மூலத்தை வரியிலக்கமிட்டு ஒரு தொகுதியாகவும், அதற்கான உரையை மற்றொரு தொகுதியாகவும் அமைக்கத் தொடங்கினார். 1977இல் உரை நிறைவெய்தியது.

இம்முறையின் சிறப்பை நம் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மூலத்தை ஒருபுறம் வைத்துச் சொற்சொல்லாக விளக்கிச் செல்லும் உரைமரபு நமக்குப் பழக்கமானதே. அக்காலத்துக் கணனிக் கல்வியிலோ இது அரிதாயிருந்தது. பாடநூல்கள் பொதுக் கோட்பாடுகளைப் பேசின. மாணவர் எழுதியவை நூறு வரிப் பயிற்சிகள். ஆயிரக்கணக்கான வரிகளைக் கொண்ட செய்நிரல் ஒன்றை முதலிலிருந்து இறுதிவரை எவரும் வாசிக்கவில்லை. பெருங்காவியம் ஒன்றைத்தானும் முழுமையாக வாசியாது இலக்கியப் பட்டம் பெறுவதை ஒத்தது இந்நிலை. லயன்ஸின் மாணவர் முழு மூலத்தையும் வாசித்தனர். கணனி உயிர்பெறும் கணத்திலிருந்து முதற் செயன்முறை தோன்றுவது, அது இன்னொன்றைப் பெறுவது, கோப்பு வட்டில் எழுதப்படுவது எனத் தொடர்ச்சியாகக் கண்டனர். உரைகாரரும் மூலத்தைத் துதிபாடவில்லை. விளங்காதவிடத்தை விளங்காதது என்றார். பயிற்சி வினாக்களை வைத்து, மாற்றிப் பாருங்கள் என மாணவரைத் தூண்டினார்.

நூலிற் குறையில்லையெனல் தகாது. பி.டி.பி. 11 என்னும் கணனியின் அமைப்பை அறியாதார்க்கு முதல் அதிகாரங்கள் கரடுமுரடானவை. அன்றியும் இம்மூலம் மாணவர் கைக்கு எவ்வாறு எட்டியது, யாருடைய அனுமதியின்பேரில் எட்டியது என்பதுபற்றி அது ஆராயவில்லை. அவ்வாராய்ச்சி பின்னர் நிகழ்ச்சிகளாலேயே செய்யப்படவிருந்தது.

அந்த ஆறாம் பதிப்பின் மூலத்தில் ஓரிடம் கணனி உலகிற் பெரும் புகழ் பெற்றது. ஒரு செயன்முறையை நிறுத்தி இன்னொன்றை இயக்கும் நுட்பமான பகுதி அது. அவ்விடத்தில் மூலகர்த்தாக்கள் ஒரு குறிப்பை எழுதிவைத்தனர்: இதனை வாசகர் விளங்கிக்கொள்வர் என எதிர்பார்க்கவில்லை என்பது அதன் கருத்து. பலர் இதனை மேதைகளின் செருக்கு என்று கொண்டனர். ஆயின் ரிச்சி பிற்காலத்தில் இதற்கு விளக்கம் அளித்தார். தேர்வில் இவ்விடத்திலிருந்து வினா வராது என ஆசிரியர் சொல்வதுபோன்ற குறிப்பே அது. உண்மையான தொல்லை, அங்கு நிகழ்வதைத் தாங்களும் சரிவர விளங்கிக்கொள்ளாமையே என்றார். ஒரு செயற்கூறு சேமித்துவைத்த நிலையை வேறொரு செயற்கூற்றிலிருந்து மீட்டெடுக்கும் அந்த ஏற்பாடு, பி.டி.பி. 11இன் தொகுப்பான் எப்போதும் ஒரே முறையிற் சேமித்தமையால் மட்டுமே ஓடியது. வேறொரு கணனிக்கு யுனிக்ஸைக் கொண்டு சென்றபோது அது குலைந்தது. ஏழாம் பதிப்பில் அப்பகுதி மாற்றி அமைக்கப்பட்டது.

மேல்நிலை மாணவன் கற்கவேண்டிய பாடங்களுள் இதனைவிடப் பெரியது வேறில்லை என்பேன். ஓடுவதெல்லாம் சரியன்று, ஒரு சூழ்நிலையின் தற்செயலான சலுகையால் ஓடுவன பல. ஆக்கியோரும் அறியாதிருக்கலாம். இதனை அதிகாரத்தின் வாய்மொழியாகக் கேட்டு அறிதல் இயலாது. மூலத்தை வாசித்தே அறிதல் கூடும். வாசிக்கும் உரிமையின் பெறுமதி இங்கேதான் புலப்படுகின்றது.

அந்த உரிமை நெடுங்காலம் நிலைக்கவில்லை. இதன் காரணத்தை மனிதரின் நல்லெண்ணத்திலோ பேராசையிலோ தேடுவோர் ஏமாறுவர். உடைமை உறவுகளிலேயே அது கிடைக்கும். ஏகபோகத்திற்கெதிரான வழக்கொன்றின் முடிவாக, 1956ஆம் ஆண்டில் ஏ.ரி. அன்ட் ரி. தொலைபேசித் தொழிலுக்குப் புறம்பான வியாபாரங்களில் இறங்காதவாறு கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே யுனிக்ஸைப் பண்டமாக விற்க அதற்கு வழியில்லை. பல்கலைக்கழகங்களுக்குச் சொற்ப கட்டணத்தில் மூலத்துடன் உரிமம் வழங்கப்பட்டது இந்நிலைமையிலேதான். மூலதனத்தின் கை சட்டத்தாற் கட்டப்பட்டிருந்த இடைவேளையிலே வகுப்பறை திறந்திருந்தது எனலாம். யுனிக்ஸ் விலைபோகும் சரக்கு என்பதை நிறுவனம் உணர்ந்தபோது நிலைமை மாறியது. 1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பிற்குரிய உரிமப் பத்திரம், மூலத்தை வகுப்பறையிற் பாடமாகப் பயிலலாகாது என விதித்தது. 1984இல் நிறுவனம் பிரிக்கப்பட்டபோது பழைய வியாபாரத் தடையும் அகன்றது.

விளைவு யாது? பல பல்கலைக்கழகங்கள் யுனிக்ஸைப் பாடத்திலிருந்து விலக்கிக் கோட்பாட்டை மட்டும் போதித்தன. மூலமில்லாத உரை, உடலில்லாத உடற்கூற்றியல் என்னும் நிலை தோன்றியது. ஆயினும் மாணவர் அடங்கியிருக்கவில்லை. லயன்ஸின் நூல் ஒளிப்படிகளாக, படியின் படியாக, எழுத்து மங்கும் வரை கைமாறிச் சென்றது. அது முறைப்படி அச்சாகி எவரும் வாங்கக்கூடியதாக வெளிவந்தது 1996ஆம் ஆண்டிலேதான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு பாடநூல் களவுப்பொருளாயிருந்தது. அறிவைத் தனியுடைமையாக்கும் முறைமையின்மீது இதனிலும் கடுமையான விமர்சனம் எழுத எவராலும் இயலாது.

இத்தடைக்கு எதிர்வினையாகவே அடுத்த கட்டம் பிறந்தது. அம்ஸ்ரடாமிற் பேராசிரியராயிருந்த அன்ட்ரூ டனன்பௌம், யுனிக்ஸின் மூலத்தில் ஒரு வரியையேனும் எடுக்காது, மாணவர் வாசிப்பதற்கென்றே மினிக்ஸ் என்ற முறைமையைத் தாமே எழுதி, 1987இல் மூலத்தோடு பாடநூலாக வெளியிட்டார். அதனைக் கற்றோருள் ஒருவர் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வல்ட்ஸ். 1991இல் அவர் தாமே ஒரு கருப்பகுதியை எழுதத் தொடங்கினார், லினக்ஸ் பிறந்தது. 1992இன் தொடக்கத்தில் ஆசிரியரும் மாணவரும் பலரறிய வாதிட்டனர். பழைய அமைப்பில் எழுதப்பட்டது என ஆசிரியர் குறைகூறினார். இது பயன்படுகின்றது என்று மாணவர் விடையிறுத்தார்.

இவ்வாதத்தில் எவர் வென்றார் எனக் கேட்பது சிறுபிள்ளைத்தனம். இருவரும் இருவேறு தேவைகளின் குரல்கள். டனன்பௌம் மினிக்ஸைச் சிறிதாகவே வைத்திருந்தார். ஒரு பருவத்திற் கற்றுமுடிக்கத் தக்கதாக அது இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அதனை வளர்க்க விரும்பியோர்க்கு இது தடையாயிற்று. லினக்ஸோ ஆயிரக்கணக்கானோரின் கூட்டுழைப்பால் வளர்ந்து உலகமெங்கும் பரவியது. தனியுடைமையின்றியும் பெருஞ் சிருஷ்டி இயலும் என்பதற்கு அது மறுக்கவொண்ணாச் சான்று. ஆனால் இன்று அதன் மூலம் 2 கோடி வரிகளுக்கு மேற்பட்டது. எவரும் வாசிக்கலாம், முழுவதும் வாசித்தவர் எவருமில்லை. திறந்திருத்தல் வேறு, விளங்கத்தக்கதாயிருத்தல் வேறு. முன்னதை மட்டும் கொண்டாடி ஓய்ந்துவிடுவது நம்மிற் பலருக்கு உள்ள பலவீனம்.

இதனை உணர்ந்தோரே மீண்டும் லயன்ஸிடம் திரும்பினர். அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மேல்நிலை மாணவருக்கான பாடம், 2002ஆம் ஆண்டளவில் ஆறாம் பதிப்பையும் லயன்ஸின் உரையையுமே கைக்கொண்டது. மறைந்துபோன கணனியின் அமைப்பையும் பழைய நடையையும் கற்பதில் மாணவரின் காலம் வீணாவது கண்டு, 2006இல் ஆசிரியர்கள் அதே அமைப்பைப் புதிய கணனிக்கென எக்ஸ்.வி. 6 என்ற பெயரில் மீண்டும் எழுதினர். சில ஆயிரம் வரிகளே கொண்ட அம்மூலத்தையும் விளக்க நூலையும் எவரும் பெறலாம், மாற்றலாம், பரப்பலாம். உடைமையாளர் பூட்டிய கதவை ஆசிரியர்கள் பக்கச் சுவரை இடித்துத் திறந்தனர்.

இனி, இப்பாடத்தின் உள்ளடக்கத்திற்கு வருவோம். மாணவர் மிகவும் இடர்ப்படுவது ஒருங்கியக்கம் என்னும் பகுதியிலே. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கில் 100 ரூபா இருப்பதாகக் கொள்வோம். இரு எழுதுவினைஞர் ஒரே வேளையில் தலைக்கு 10 ரூபா வரவு வைக்கின்றனர். இருவரும் 100 என்ற தொகையை வாசிக்கின்றனர். இருவரும் பத்தைக் கூட்டுகின்றனர். இருவரும் 110 என எழுதுகின்றனர். இருக்கவேண்டியது 120. தனித்தனியே நோக்கின் எவரிடத்தும் பிழையில்லை. பிழை அவர்களுக்கிடையேயான உறவில் உள்ளது. கணனியில் இரு செயன்முறைகள் ஒரே தரவைத் தொடும்போது நிகழ்வதும் இதுவே. ஆயிரம் தடவை சரியாக ஓடி, ஆயிரத்தோராவது தடவை, நொடியின் சிறு வேறுபாட்டால் தவறும். சோதித்துப் பார்த்தோம், பிழையில்லை என்ற கூற்று இங்கு நிரூபணமாகாது.

வகுப்பில் இது மதிப்பெண்ணின் சங்கதி. உலகில் இது உயிரின் சங்கதி. தெராக் 25 என்ற கனேடிய நாட்டுக் கதிர்மருத்துவ யந்திரம் 1985க்கும் 1987க்குமிடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர்மீது அளவுக்கு மிஞ்சிய கதிரைப் பாய்ச்சியது. அவர்களுட் சிலர் மாண்டனர். முந்திய யந்திரங்களில் இத்தகைய விபத்தைத் தடுக்கும் வன்பொருட் பூட்டுகள் இருந்தன. புதியதில் அவை நீக்கப்பட்டு, பாதுகாப்புப் பொறுப்பு மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது. அம்மென்பொருள் ஓடியதும் பி.டி.பி. 11 வகைக் கணனியிலே. அதற்கென ஒரு சிறு பணிசெயல் முறைமையே தனியாக எழுதப்பட்டிருந்தது. இயக்குநர் கட்டளையை விரைவாகத் திருத்தும்போது, நாம் மேலே கண்ட ஒருங்கியக்கப் பிழை தலைதூக்கியது. இது நிகழ முடியாதது என நிறுவனத்தினர் கூறினர். நிகழும் என்று காட்டியோர் ரெக்சாஸ் மாநில மருத்துவமனையொன்றின் பௌதிகவியலாளரும், அந்த யந்திரத்தை நாள்தோறும் இயக்கிய பெண் தொழிலாளியுமே. பழகிய கையின் வேகத்தில் தட்டினாலன்றி அப்பிழை தோன்றாது. பொறியியலாளரின் தயங்கிய விரல்களுக்கு அது அகப்படவில்லை. வெளியார் எவரும் அம்மூலத்தை வாசித்துச் சோதித்ததில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது.

இந்நிகழ்ச்சி இன்று பல பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படுகின்றது. எங்கே கற்பிக்கப்படுகின்றது என்பதே கேள்வி. 2013ஆம் ஆண்டின் சர்வதேசப் பாடத்திட்ட வழிகாட்டி சமூகப் பிரச்சினைகளுக்கென ஓர் அறிவுப் பரப்பை வகுத்தது. 2023இன் வழிகாட்டியும் அதனைப் பேணுகின்றது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் நடைமுறையில் ஒழுக்கவியல் தனி வகுப்பாகவும் ஒருங்கியக்கம் தனி வகுப்பாகவும் பிரிந்து நிற்கின், மாணவன் முன்னதில் இரங்கவும் பின்னதிற் கணக்கிடவும் பழகுவான். இரண்டையும் இணைக்கப் பழகமாட்டான். பூட்டை நீக்கியது செலவு கருதியா, யார் அதனைத் தீர்மானித்தார், தொழிலாளியின் சொல்லுக்கு ஏன் செவிசாய்க்கப்படவில்லை என்னும் வினாக்கள் பணிசெயல் முறைமை வகுப்பிலேயே, அப்பிழையின் வரிகளைக் கரும்பலகையில் எழுதியவாறே எழுப்பப்படல் வேண்டும். விஞ்ஞானத்தையும் சமுதாயத்தையும் வேறு வேறு பேழைகளில் வைப்பது நடுநிலைமையன்று. அதுவும் ஒரு பக்கச் சார்பே.

இது இவ்வாறிருக்க, புதியதொரு நிலைமையும் தோன்றியுள்ளது. 2022ஆம் ஆண்டின் பின்னர் கேட்டவுடன் செய்நிரல் எழுதித் தரும் யந்திரங்கள் மாணவர் கைக்கெட்டின. பயிற்சி வினாவை அதனிடம் கொடுத்து விடையைப் பெற்று முழு மதிப்பெண்ணும் ஈட்டலாம். ஆசிரியர் சிலர் அஞ்சுகின்றனர். சிலர் தடை விதிக்கின்றனர். எழுதுவதையே கல்வியின் முடிவாகக் கொண்டவர்க்கு இது பேரிடிதான். ஆனால் யந்திரம் எழுதியதை வாசிப்பது யார்? அது தற்செயலாக ஓடுகின்றதா, காரணத்தோடு ஓடுகின்றதா என்று தீர்ப்பது யார்? தெராக் போன்ற யந்திரத்தில் அதனை இட அனுமதிப்பது யார்? வாசிக்க வல்ல மனிதன் முன்னெப்போதையும்விட இன்று தேவைப்படுகின்றான். 1977இல் சிட்னி நகரில் ஓர் ஆசிரியர் கைக்கொண்ட முறை, இந்த ஆண்டிற்கென எழுதப்பட்டதுபோல் நம்முன் நிற்கின்றது.

நம் நாட்டிற்கும் இதனால் ஆவதுண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவின் கரைகளை அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்து தேட உதவும் 'சஹானா' என்ற மென்பொருளை இலங்கைத் தொண்டர்கள் மிகக் குறுகிய காலத்தில் உருவாக்கினர். கட்டற்ற மென்பொருளின்மீதே அதனைக் கட்டினர். பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் அது உதவியது. உரிமம் கோரி எந்தக் கம்பனியின் வாசலிலும் காத்துநிற்க வேண்டியிருக்கவில்லை. மூலத்தை வாசிக்கவும் மாற்றவும் தெரிந்தோர் இங்கிருந்தமையே அதற்குக் காரணம்.

ஆயினும் நம் பல்கலைக்கழகங்களில் இப்பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. கிராமப் பாடசாலையில் தமிழிற் கற்று வரும் மாணவன் மூலத்தோடு மட்டுமன்றி மொழியோடும் மல்லாட நேர்கின்றது. விளங்காமையின் பாதி விஞ்ஞானத்தினால் வருவதன்று. அந்நிலையில் அவன் மனனத்தையே நாடின் அவனைக் குறைகூறல் நியாயமாகாது. எக்ஸ்.வி. 6இன் உரிமம் எவரையும் தடுக்கவில்லை. சில ஆயிரம் வரிகள், வரியிலக்கம் உண்டு, உரை எழுதும் மரபு நம்மிடம் ஆயிரமாண்டுக்கு மேலாக உண்டு. பல்கலைக்கழக ஆசிரியர் இருவர் மூவரும் இறுதியாண்டு மாணவர் சிலரும் ஒன்றுசேரின், அம்மூலத்திற்குத் தமிழில் ஓர் உரையை ஓரிரு ஆண்டுகளில் எழுதி முடிக்கலாம். கலைச்சொல் இல்லை என்பது சாட்டு. உரை எழுதப்படும்போதே கலைச்சொல் பிறக்கும், கற்போர் வாயில் அது நிலைபெறும்.

அவ்வுரையைக் கையிற் கொண்ட மாணவன் செயன்முறை மாறும் அந்தக் கடினமான இடத்திற்கு வந்து, இது எனக்கு விளங்கவில்லை என்று வகுப்பில் எழுந்து சொல்லட்டும். எழுதியவர்களுக்கும் அது ஒரு காலத்தில் விளங்கவில்லை என்பதை ஆசிரியர் அவனுக்குச் சொல்லட்டும். பின்னர் இருவருமாக இருந்து அவ்வரிகளை வாசிக்கட்டும்.